மில்லை நிறுத்தி வைத்த பாட்டு

நான் மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தவன். பதினோரு வயதில் இன்னொருத்தர் மில்லில் தவிடு அள்ளப் போனேன். நெல் கொட்டினேன், பெல்ட் மாட்டினேன், ஆயில் எஞ்சின் ஓட்டினேன். முப்பத்தாறு வயதில் சின்னமனூரில் சொந்தமாக ரைஸ் மில் வைத்தேன். எவனும் தூக்கிக் கொடுத்தது இல்லை. ஒரு மோட்டார் ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டாலே போதும், பேரிங் போயிருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்த மெக்கானிக்கே என்னைக் கேட்டுவிட்டுத்தான் போல்ட்டில் கை வைப்பான். என் காது அப்படிப்பட்ட காது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் என் மகள் விஷயத்தில் அவ்வளவு பெரிய தப்பைப் பண்ணினேன். அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

வீட்டை மில்லோடு ஒட்டித்தான் கட்டினேன். நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் நெல் குத்துகிற ஹல்லர், இந்தப் பக்கம் எங்கள் கூடம். மோட்டார் போட்டால் அலமாரியில் இருக்கிற டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வரும். பெண்டாட்டி ஒரு நாளைக்கு நாலு தடவை அதை உள்ளே தள்ளி வைப்பாள்.

மில்லுக்குள் யாரும் வாயால் பேச மாட்டார்கள். பேசிப் பிரயோசனம் இல்லை. இரண்டு விரலை உரசினால் இன்னொரு தடவை பாலிஷ் போடு என்று அர்த்தம். முஷ்டியைத் தூக்கினால் மோட்டாரை நிறுத்து. வயிற்றை உள்ளங்கையால் தேய்த்தால் சாப்பாட்டு நேரம். ஆள் வந்திருக்கிறதா, மூட்டை ஈரமா, தவிட்டை எங்கே கொட்டுவது, எல்லாவற்றுக்கும் கைதான். அந்தப் பழக்கம் சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த ஆறு மாதத்தில் என் பெண்டாட்டியும் கையாலேயே பேசப் பழகினாள். நாங்கள் சண்டை போட்டால்கூடச் சத்தம் வராது என்று தெருவில் கேலி பண்ணுவார்கள்.

ஒன்பது வருசம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஒரே பிள்ளை. ஒரு வயது முடிவதற்குள் வயிற்றைத் தேய்த்துப் பசி என்று காட்டினாள். தூக்கிக்கொண்டு மில்லுக்குள் போனால் முஷ்டியைத் தூக்குவாள், நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவேன், அவள் கெக்கெக்கே என்று சிரிப்பாள். மூட்டை தூக்குகிற ஆட்கள், மொதலாளி மகளுக்கு வேறு எப்படி இருக்கும் என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் அம்மா, அத்தை என்று மழலை பேசும்போது என் பிள்ளை மில்லே நடத்துகிறாள் என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பெண்டாட்டிதான் முதலில் சொன்னாள். பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது அப்போது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, பின்னாடி நின்னு கூப்பிட்டா பாப்பா திரும்ப மாட்டேங்குறா. காது கேக்குதா என்னான்னு எனக்குப் பயமாருக்குங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினேன். பாப்பாவைக் கூடத்துத் தரையில், முதுகு சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வைத்தேன். மில்லுக்குள் போய் ஸ்டார்ட்டரை அமுக்கிவிட்டு வந்து பார்த்தேன். மோட்டார் பிடித்ததும் பாப்பா சடாரென்று திரும்பியிருக்கிறாள். சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா?" என்றேன். "இன்னும் என்னத்தக் கேக்கணுங்குற?"

அவள் டம்ளரை உள்ளே தள்ளி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பாப்பாவுக்கு இரண்டு வயது ஆனபோது மறுபடியும் சொன்னாள். வசம்பு உரைத்து நாக்கில் தடவிப் பார்த்தாகிவிட்டது, ஒரு சொல்லும் வரவில்லை, மதுரைக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றாள். நானே நாலு வயதில்தான் பேசினேன், இன்றைக்கு என்ன கெட்டுப்போய்விட்டேன் என்று கேட்டேன். அதற்குமேல் இன்னொன்றும் சொன்னேன். பொம்பளைப் பிள்ளை, ஒரு தடவை ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் ஊமை என்று ஊரே பட்டம் கட்டிவிடும், அப்புறம் எவன் கட்டுவான் என்றேன். அந்தப் பேச்சுக்குப் பின்னால் அவள் என்னிடம் அதைப் பற்றி வாயும் திறக்கவில்லை, கையும் அசைக்கவில்லை.

கொடைக்கானலில் டவர் வந்த பிறகு எங்கள் தெருவில் முதன்முதலில் டிவி வாங்கியவன் நான்தான். மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி. ஆன்டெனாவுக்கு மில் கூரைமேல் இரும்புக் குழாய் நட்டேன். ஆடிக் காத்தில் தெருவில் மற்றவன் குழாயெல்லாம் பின்னால் வளைந்துபோனது, என் குழாய் அசையவில்லை.

காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற நிகழ்ச்சி ஒன்று வரும். அதில் கடைசிப் பதினைந்து நிமிடம் பால்குடி மறந்த சின்னதுகளுக்கு. ஒரு பொம்பளை, தலையில் இரண்டு பக்கமும் பூ வைத்துக்கொண்டு, துணிக் காக்கா பொம்மையோடு உட்கார்ந்து பாடுவாள்.

"கையைத் தட்டு ஒரு தட்டு, காக்கா வந்தா ஒரு லட்டு. கையைத் தட்டு ரெண்டு தட்டு, காக்கா வந்தா ரெண்டு லட்டு."

இப்படியே அஞ்சு வரைக்கும் போகும். அஞ்சாவது தட்டு முடிந்ததும் அவள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வாள். கையை எடுத்ததும் மறுபடியும் ஒன்றிலிருந்து. ஒரு நாளைக்கு மூன்று சுற்று. மறுநாளும் அதே பாட்டு. அதற்கு மறுநாளும் அதேதான். காக்காய்க்கு எதற்கு லட்டு என்று அந்தப் பொம்பளையும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

தெருவில் நாலைந்து தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். இரண்டு வீடு தள்ளி இருந்த டீச்சரும் தன் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருசம் இருந்தது, நிகழ்ச்சி பார்த்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போவார்கள்.

பாட்டைப் பற்றித் தெருவே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எதிர்க்கடை மளிகைக்காரருக்கு மூன்று வயதில் ஒரு மகன். பயல் சோறு தின்னும்போதும் காக்கா லட்டு, வெளிக்கு இருக்கும்போதும் காக்கா லட்டு, கடையில் துவரம்பருப்பு நிறுக்கிற எனக்கே தராசுத் தட்டில் ஒரு லட்டு ரெண்டு லட்டு என்றுதான் வாயில் வருகிறது என்று புலம்புவார். ஒரே வரியை முப்பது தடவை சொல்லிக்கொடுத்தால் பிள்ளை மூளை தேய்ந்துபோகாதா என்பது அவர் கட்சி. டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் சலிக்கும், சின்னதுகளுக்கு அடுத்தது என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதில்தான் சந்தோசம், அப்படித்தான் மனதில் ஊன்றும் என்பார்கள். சில தாய்மார்களுக்கு இதெல்லாம் ஒன்றும் இல்லை. பதினைந்து நிமிடம் பிள்ளை ஓரிடத்தில் உட்காருகிறதே, அது போதும் அவர்களுக்கு.

நான் மளிகைக்காரர் கட்சி. ஆனால் எனக்குத் தனியாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. மோட்டார் போட்டால் டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கிக் குதிக்கும். அதனால் பாட்டு முடிகிறவரைக்கும் மோட்டார் போடக் கூடாது என்று பெண்டாட்டி சட்டம் போட்டுவிட்டாள். நெல் மூட்டையோடு சனம் வாசலில் காத்துக் கிடக்க, ஒரு காக்காய்க்காக ரைஸ் மில் சும்மா நிற்கும்.

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று கேட்கலாம். பாப்பாதான் காரணம். முதல் பத்து நாள் அவள் அந்தப் பொம்பளையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு நாள் தட்ட ஆரம்பித்தாள். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. மற்றப் பிள்ளைகளெல்லாம் மூன்றில் தடுமாறும், நாலில் விட்டுவிடும். என் மகள் அஞ்சு வரைக்கும் பிசகாமல் தட்டிக் கண்ணைப் பொத்துவாள். வயது மூன்றுகூட ஆகவில்லை. நான் சும்மா இருப்பேனா? வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பெண்டாட்டி இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்லுவேன், காது கேட்காத பிள்ளை தாளம் போடுமா என்று. அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது, ஆனால் அதுதான் எனக்குச் சாட்சி. பாப்பா தட்டும்போது பெண்டாட்டி மட்டும் சிரிக்க மாட்டாள் என்பதை நான் பார்த்தேன். பொறாமை என்று நினைத்தேன். பெற்ற பிள்ளை மேல் யாருக்காவது பொறாமை வருமா? அப்படியும் நினைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் என்றால் மில்காரனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. புது அரிசி அரைக்கப் பாளையம், மார்க்கையன்கோட்டைப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு வாசலில் பன்னிரண்டு வண்டி நின்றது. கரண்ட் வேறு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக மூன்று சுற்று. அன்றைக்குப் பொங்கல் விசேஷமோ என்னவோ, நாலாவது சுற்றும் ஆரம்பித்துவிட்டது.

வண்டிக்காரர் ஒருத்தர், எனக்கு மாமன் முறை, நுகத்தடியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"என்ன மாப்ள, காக்கா இன்னும் தின்னு முடிக்கலையா? வேணும்னா என் வண்டியிலருந்து நாலு மூட்டை எறக்கி அதுக்கு லட்டுப் பிடிச்சுப் போடு."

வாசலே சிரித்தது. என்னை நேருக்கு நேர் நின்று கேலி பண்ண அந்தக் காலத்தில் ஆள் கிடையாது. விறுவிறுவென்று உள்ளே போனேன். டிவியை அணைத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். டீச்சர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் முகத்துக்காக அணைக்கவில்லை. சத்தம் வைக்கிற குமிழைப் பிடித்துக் கடைசி வரைக்கும் திருகினேன்.

"படத்தப் பாத்துக்கங்க. பாட்டு போதும்," என்றேன்.

மில்லும் ஓடவில்லை, டிவியும் பாடவில்லை. அந்தக் கூடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் வீடு கட்டின நாளிலிருந்து கேட்டதில்லை. மளிகைக்காரர் மகன் தட்டத் தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு தாயைத் திரும்பிப் பார்த்தான். டீச்சர் பேத்தி உதட்டைப் பிதுக்கினாள். இன்னொரு பிள்ளை எழுந்து வந்து டிவிப் பெட்டியை அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் தாளத்தை விட்டுவிட்டன.

ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

மூன்று தட்டு. நிறுத்தம். நாலு தட்டு. நிறுத்தம். பாப்பா டிவியில் அந்தப் பொம்பளையின் கையைப் பார்த்தபடி தட்டினாள். அஞ்சு தட்டி முடித்துக் கண்ணைப் பொத்தினாள். கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். பாட்டு நின்றுபோனது அவளுக்குத் தெரியவே இல்லை.

மளிகைக்காரர் வீட்டம்மா மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டீச்சர் பாப்பாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுப்படி நிலையில் என் பெண்டாட்டி கரண்டியோடு நின்றாள். அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எப்போது கண்டுபிடிப்பேன் என்று அவள் அத்தனை நாளும் காத்திருந்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது செய்வதையே செய்தேன். மில்லுக்குள் ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அமுக்கினேன். மோட்டார் பிடித்தது. திரும்பி ஓடிவந்து பார்த்தேன். பாப்பா சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். என் சாட்சி இன்னும் இருக்கிறது என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன். உள்ளங்கையைத் தரையில் பதித்து வைத்திருந்தாள். தரை அதிர்ந்துகொண்டிருந்தது. என் காலுக்குக் கீழேயும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல் அந்த அதிர்விலேயே நின்றவனுக்கு அது இருப்பதே தெரியாது.

அன்றைக்குப் பன்னிரண்டு வண்டி நெல்லையும் அரைத்துக் கொடுத்தேன். மறுநாளும் அரைத்தேன். வீட்டுக்குள் வந்தால் பெண்டாட்டி சோறு போடுவாள், நான் தின்பேன். அவள் கேட்க மாட்டாளா என்று இருந்தது. கேட்டுவிடுவாளோ என்றும் இருந்தது.

மூணாம் நாள் காலையில் பாப்பாவை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பொட்டிப்புரம் பக்கம் போனேன். அங்கே எனக்கு மானாவாரிச் சோளக்காடு உண்டு. சுத்துப்பட்டில் மோட்டார் கிடையாது, அதிர்கிறதுக்கு ஒன்றும் இல்லை. சோளம் பால் பிடித்து நின்றது. குருவியும் கிளியும் கும்பலாக இறங்கியிருந்தன. காவலுக்கு இருந்தவரைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் வைத்திருந்த தகர டின்னையும் கட்டையையும் எடுத்துக்கொண்டேன்.

பாப்பாவைக் காட்டோரப் பொழியில் உட்கார வைத்தேன். ஒரு சோளத்தட்டையைக் கையில் கொடுத்தேன். அதைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்தடி பின்னால் போய் நின்றேன்.

டின்னில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

காடே கிளம்பியது. நூற்றுக்கணக்கில் குருவி விர்ரென்று எழுந்து எங்கள் தலைக்குமேல் போனது. பாப்பா தட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் அடித்தேன். டின் நெளிகிறவரைக்கும் அடித்தேன். பக்கத்துக் காட்டில் களை எடுத்த ஆள் நிமிர்ந்து, ஏலே, குருவியெல்லாம் போயிருச்சு, இன்னும் யாரை விரட்டுற என்று கத்தினார். நான் நிறுத்தவில்லை. பறவைக் கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றி அவள் முகத்துக்கு எதிரே வந்தபோது பாப்பா அண்ணாந்து பார்த்தாள். விரலை நீட்டி ஆகாயத்தைக் காட்டினாள். அதை எனக்குக் காட்டுவதற்காகத்தான் திரும்பினாள். கையில் நெளிந்த டின்னோடு நின்ற என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளங்கையால் வயிற்றைத் தேய்த்தாள்.

வீட்டுக்கு வந்து, நாளைக்கு மதுரைக்குப் போவோம் என்று பெண்டாட்டியிடம் சொன்னேன்.

"மில்லு?" என்றாள்.

"பூட்டிட்டுத்தான்."

பொங்கல் வாரத்தில் என் மில் பூட்டிக் கிடந்தது அந்த ஒரு தடவைதான்.

மதுரையில் காது டாக்டர் வயதானவர். பாப்பாவின் பின்னால் மணி ஆட்டினார். கவட்டைக் கம்பி ஒன்றைத் தட்டிக் காதோரம் பிடித்தார். ஒரு சின்ன அறைக்குள் வைத்து மெஷினில் ஏதேதோ சத்தம் வைத்துப் பார்த்தார். எல்லாம் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்து, எப்போதிருந்து சந்தேகம் என்று கேட்டார்.

"ஒரு வாரமாத்தாங்கய்யா," என்றேன்.

பெண்டாட்டி பிள்ளையை மடியில் சரியாக உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஒன்னேகால் வயசுலயே எனக்குத் தெரியும் டாக்டர். ரெண்டு தடவ சொன்னேன்."

"யார்ட்டம்மா சொன்னீங்க?"

அவள் பாப்பாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். வெளியே அடுத்த ஆளை நர்ஸ் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"என்கிட்டத்தாங்கய்யா," என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே சொன்னார். பிறவியிலேயே குறை, முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நெஞ்சில் மாட்டுகிற மெஷின் வைத்தால் பலமான சத்தம் கொஞ்சம் எட்டும். ஒன்றரை வயதில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இனி ஒரு நாளும் வீணாக்கக் கூடாது. முகத்துக்கு நேரே உட்கார்ந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், நூறு தடவை என்றால் நூறு தடவை, அதற்குச் சொல்லித்தருகிற பள்ளிக்கூடம் மதுரையிலேயே இருக்கிறது. பிறகு, வீடு எப்படி, சத்தம் இல்லாமல் இருக்குமா என்று கேட்டார்.

ரைஸ் மில்லோடு ஒட்டின வீடு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கன வச்சு இந்த மெஷினை மாட்டுனா பிள்ளைக்குக் காதுக்குள்ள உங்க மில்லுதான்யா ஓடும். வேற ஒண்ணும் கேக்காது."

பஸ் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியது. பாப்பா ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், பஸ் அதிர்கிறது அவளுக்கு இதமாக இருந்திருக்கும். தேனி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பெண்டாட்டி சொன்னாள், தான் பாப்பாவோடு மதுரையில் வீடு பிடித்து இருக்கப் போவதாக. என்னிடம் கேட்கவில்லை. சொன்னாள். அந்த வீட்டை நான் எப்படிக் கட்டினேன், எத்தனை நாள் செங்கல் சுமந்தேன் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஊருக்கு வந்து நான் இன்னொரு காரியம் செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். கடைத்தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், டிவி சத்தத்தைக் குறைத்துச் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தவன் நான்தான், படித்தவனுக்குக்கூட இந்த யோசனை வராது என்று சொன்னேன். வருசக்கணக்கில் சொன்னேன். மளிகைக்காரர் அதை நம்பிப் பத்துப் பேரிடம் சொன்னார். டீச்சர் இரண்டு மூன்று தடவை அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள், ஒரு தடவைகூட மறுக்கவில்லை. அது பொய். கண்டுபிடித்தவள் என் பெண்டாட்டி. நான் திருகினது கோபத்தில்.

பொங்கல் கழித்து இருவரும் மதுரைக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் ஒரே அறை. நான் மில்லைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போவேன். காலையில் பாட்டு நேரத்தில் யாரும் வருவதில்லை. மில்லை எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். அலமாரி டம்ளர் ஒன்று கீழே விழுந்து நசுங்கியது, அதன் பிறகு எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டேன்.

அந்தக் காக்காப் பாட்டு மட்டமான பாட்டுதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். மதுரைப் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்தது அதைவிட மோசம். ஒரு டீச்சரம்மா பிள்ளையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு 'பா' என்பார். பிள்ளை சும்மா இருக்கும். மறுபடியும் 'பா'. அரை மணி நேரம் இது ஒன்றுதான். முதல் தடவை போனபோது பொறுக்க முடியாமல் வராந்தாவில் போய் நின்றுவிட்டேன். என் பெண்டாட்டி அதே பாடத்தை வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று நடத்துவாள். அவளுக்குத் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கும்.

மெஷின் வந்த பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. நான் மாடிப்படி ஏறிப் போனபோது பாப்பா கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் தீப்பெட்டிக் கட்டு மாதிரி அந்தப் பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர் காதுக்குப் போனது. பெண்டாட்டி எனக்கு முஷ்டியைத் தூக்கிக் காட்டினாள். நின்றேன்.

அவள் எழுந்து வந்து என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"நிழல் விழாம நில்லுங்க. தரை அதிர மிதிக்காதீங்க. இங்கனருந்து கூப்பிடுங்க."

கதவு ஓரமாக ஒதுங்கினேன். எனக்குப் பயமாக இருந்தது. ஓடுகிற மில்லுக்கு நடுவில் நின்று ஒரு அதட்டல் போட்டால் தெருக்கோடிக்குக் கேட்கும், அப்படிப்பட்ட தொண்டை என் தொண்டை. அன்றைக்கு அதில் காற்றுத்தான் வந்தது. கனைத்துக்கொண்டு, "பாப்பா," என்றேன்.

அவள் இட்லியைச் சட்னியில் தொட்டாள்.

"பாப்பா."

ஒன்றும் இல்லை. பெண்டாட்டியைப் பார்த்தேன். அவள் பாப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை கூப்பிட்டேன், நாலாவது தடவை கூப்பிட்டேன். கீழே சந்தில் ஒரு சைக்கிள் ரிக்ஷா மணியடித்துக்கொண்டு போனது, அது போகிறவரைக்கும் இருந்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன்.

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

திரும்பவில்லை. கை மட்டும் நின்றது. எங்கிருந்து என்று தெரியாமல் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். அப்புறம் இட்லியை வாயில் போட்டுக்கொண்டாள்.

பெண்டாட்டி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க," என்றாள்.

கூப்பிட்டேன்.